இரண்டு மடங்கு வேகம்

மார்ச் 3, திங்கள்

காலையில் அம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். 1 நிமிடம் 48 வினாடி. வழக்கம்போல வேகத்தை இரண்டு மடங்காக்கி, பல் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சரிம்மா" என்று தட்டி அனுப்பிவிட்டேன். ராத்திரி அவளே கூப்பிட்டு, "சரின்னு போட்டியே, எப்பன்னு சொல்லலையே" என்றாள். எதைக் கேட்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. எதையோ சொல்லிச் சமாளித்துப் போனை வைத்த பிறகு, அதே பதிவைச் சாதாரண வேகத்தில் போட்டுக் கேட்டேன்.

நடுவில் மூன்று இடத்தில் நிறுத்துகிறாள். பக்கத்து வீட்டு விஷயம், கண் டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்புறம்..." என்று இழுக்கிறாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அப்புறம்தான், "முடிஞ்சா ஒரு தடவை வந்துட்டுப் போயேன்." காலையில் என் காதில் அந்த இழுப்பும் இல்லை, அந்த மின்விசிறியும் இல்லை.

மிச்சம் பிடித்தது 54 வினாடி. அதை லிஃப்ட் வாசலில் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திச் செலவழித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று வேறொன்றும் செய்யவில்லை, எங்கெல்லாம் அவசரப்படுகிறேன் என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேரமாகிவிட்டதால் அவசரப்பட்டது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் வெறும் பழக்கம்: எதிரில் இருப்பவர் ஒரு வார்த்தைக்காகத் தடுமாறினால் நானே எடுத்துக்கொடுப்பது, சிவப்பு விளக்கில் நின்ற பத்தாவது வினாடியில் கை போனைத் தேடுவது, படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி, கீழே வந்ததும் ஒன்றும் செய்யாமல் நிற்பது. யார் துரத்துகிறார்கள் என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

1973-ல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன், மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை ஒரு சிறிய உரை நிகழ்த்தச் சொல்லிப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகுகிறார், அவர் நடிப்பது மாணவர்களுக்குத் தெரியாது. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம், சீக்கிரம் போங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். இதில் பாதிப் பேருக்குக் கொடுத்திருந்த தலைப்பு, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! அதைப் பேசப் போகிற அவசரத்தில் சிலர் அந்த ஆளைத் தாண்டியே போயிருக்கிறார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் பல் தேய்த்துக்கொண்டே "சரிம்மா" போட்ட ஆள்தானே.

மார்ச் 8, சனி

ஒன்றும் மாறவில்லை. எழுந்ததும் 40 நிமிடம் போனிலேயே போயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

மன அமைதிக்கென்று ஒரு செயலியை இறக்கியிருந்தேன். நேற்று ஒரு நாள் விட்டதற்கு, "உங்கள் தொடர் முறியப்போகிறது" என்று மூன்று அறிவிப்பு. நிம்மதிக்கும் கெடு வைக்கிறார்கள்! நீக்கிவிட்டேன்.

அதற்குப் பதிலாக, மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டு மூச்சு விட்டேன். இது நிஜமாகவே விரலுக்குத் தெரிகிறது: மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்குகிறது, மெதுவாக விடும்போது இடைவெளி கூடுகிறது. மூளையிலிருந்து இதயம், வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தின் கடிவாளத்தை இழுக்கிறது. சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், அதை ஆறுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். நாலு நிமிடம் தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது நிமிடம், ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடாதது ஞாபகம் வந்துவிட்டது. சரி, நாலு நிமிடம் நாலு நிமிடம்தான்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவுக்கு நானாகப் போன் செய்தேன். எடுத்ததுமே, "என்னப்பா, ஏதாவது அவசரமா?" என்று பதறினாள். காரணம் இருந்தால்தான் நான் கூப்பிடுவேன் என்று அவளுக்குப் பழகிவிட்டிருக்கிறது.

"இல்லம்மா, சும்மாதான்."

நம்பவில்லை. உடம்பு சரியில்லையா, ஆபீஸில் ஏதாவதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தாள். போன வாரம் சொன்ன அதே கண் டாக்டர் கதை, இந்த முறை இன்னும் நீளமாக. நடுவில் என் கை தானாக லேப்டாப்பைத் திறந்துவிட்டது, மூடினேன். அவள் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்தினேன். அப்புறம் என்று இழுத்தாள், எடுத்துக்கொடுக்காமல் இருந்தேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கண்ணாடி மாற்றியதிலிருந்து படி இறங்கப் பயமாக இருக்கிறதாம். அதை வாய்ஸ் நோட்டில் சொல்லவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்றேன். "ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா வா" என்றாள், உடனேயே, "காலையிலயே வந்துடுவியா?"