மலைப்பிரசங்கத்தை வீட்டு ஒழுங்காக வைத்திருப்பவர்கள்

நம் பாடசாலையில் கிறிஸ்தவ சமயபாடம் எடுத்தவர்களுக்கு இயேசுவின் மலைப்பிரசங்கம், அதாவது பைபிளில் மத்தேயு 5, 6, 7ஆம் அதிகாரங்கள், நினைவிருக்கும். சத்தியம் பண்ணாதே, தீமையோடு எதிர்த்து நிற்காதே, பகைவனை நேசி. பரீட்சையில் விளக்கம் எழுதிப் புள்ளி வாங்கினோம். ரொறன்ரோவுக்கு மேற்கே வாட்டர்லூ, செயின்ற் ஜேக்கப்ஸ், எல்மைரா பக்கத்தில் இந்த வசனங்களை வீட்டு ஒழுங்காகவே வைத்திருக்கும் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபை மக்கள் வாழ்கிறார்கள். அங்கே சந்தைக்குப் போகும் நம்மவர் பலர் குதிரை வண்டியைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். குதிரை வண்டி, நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்க்கும் பழைய ஒழுங்குப் பிரிவினருக்கு மட்டும் உரியது. மற்ற மெனோனைட் மக்கள் நம்மைப் போலவே கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள். அவர்களிடம் அறிய வேண்டியது வேறு.

இவர்களின் தொடக்கம் சுவிற்சர்லாந்தில். 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் கொன்ராட் கிரேபெல், வளர்ந்த ஒருவரான ஜோர்ஜ் பிளவ்ரொக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அக்காலத்தில் குழந்தை ஞானஸ்நானம் என்பது ஊர்ப் பிரஜையாகப் பதிவதும்கூட. ஆகவே தானே விரும்பிப் பெறும் ஞானஸ்நானம் அரசுக்கு எதிரான குற்றமாயிற்று. 1527இல் அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை லிமாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அதே ஆண்டு ஷ்லைற்ஹைம் என்ற ஊரில் இவர்கள் ஏற்றுக்கொண்ட ஏழு கட்டுரைகளில் வாள் ஏந்தாமையும் சத்தியம் செய்யாமையும் இடம்பெற்றன. மெனோ சைமன்ஸ் 1536இல் கத்தோலிக்கக் குருத்துவத்தை விட்டு இவர்களோடு சேர்ந்தார். பெயர் அவரால் வந்தது.

சத்தியம் செய்யாமை சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரத்துப் பேச்சுக்கு என்ன மதிப்பு? ஆகவே நீதிமன்றத்தில் அவர்கள் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கொடுப்பார்கள். இரண்டுக்கும் சட்டப் பெறுமதி ஒன்றே. கனடியக் குடியுரிமை எடுக்கும்போது நமக்கும் அந்தத் தெரிவு உண்டு.

பகைவனை நேசிப்பதற்கும் நடைமுறை இருக்கிறது. 1974இல் எல்மைராவில் இரண்டு இளைஞர் குடிபோதையில் கார் ரயர்களைக் கிழித்து, யன்னல்களை உடைத்து, 22 இடங்களில் சேதம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி ஒரு மெனோனைட். பாதிக்கப்பட்டவர்களை இவர்கள் நேரில் சந்திக்கட்டும் என்று நீதிபதியிடம் முன்வைத்தார்; நீதிபதியும் வழக்கை ஒத்திவைத்து அனுமதித்தார். இளைஞர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, செய்தது தாங்களே என்று சொல்லி, இழப்பைக் கேட்டறிந்தார்கள். மொத்த இழப்பு ஏறக்குறைய 2,200 டொலர். பாதியைக் காப்புறுதி ஏற்றது. மீதியை இருவரும் பிரித்து, சில மாதங்களில் அதே கதவுகளுக்குப் போய்க் கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் பாதிக்கப்பட்டவர்–குற்றமிழைத்தவர் சந்திப்புத் திட்டங்களுக்கு இதுவே தொடக்கம்.

அகதிகள் விஷயத்திலும் அப்படியே. 1920களில் சோவியத் நாட்டிலிருந்து ஏறக்குறைய 20,000 மெனோனைட் மக்கள் தாங்களே அகதிகளாகக் கனடாவுக்குத் தப்பி வந்தார்கள். 1979 மார்ச்சில் கனடிய அரசோடு தனியார் அகதி அனுசரணை உடன்படிக்கையில் முதலில் கையெழுத்திட்டது அவர்களின் நிவாரண அமைப்பான மெனோனைட் மத்திய குழு. வாடகை, சாப்பாடு, குளிருடுப்பு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தல் என ஒரு வருடத்துக்கு ஒரு சபை பொறுப்பேற்கும். அகதி என்ற பெயரோடு இந்த மண்ணில் இறங்கிய நம் சமூகம் இதை அறிந்திருக்க வேண்டும்.

எல்லாம் நன்றாக நடந்ததென்று சொல்ல முடியாது. பிணக்குத் தீர்க்க அவர்கள் மத்தேயு 18ஐப் பின்பற்றுவார்கள்: முதலில் தனியே போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போ, பிறகு சபைக்குச் சொல். வேலி எல்லை, கடன், வாய்ச்சண்டை போன்றவற்றுக்கு இது அருமையான முறை. இருவருக்கும் பலம் சமமில்லாத இடத்தில் முதற்படியே தீங்காகிவிடும். அவர்களின் பெயர்பெற்ற இறையியலாளர் ஜோன் ஹவர்ட் யோடர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியபோது, அவர் கற்பித்த இந்தியானா இறையியல் கல்லூரி விஷயத்தை இந்த முறையில் தனியே, இரகசியமாகக் கையாண்டது. அதனால் ஆண்டுக்கணக்காகக் காப்பாற்றப்பட்டவர் அவர்தான். 2015இல்தான் அக்கல்லூரி அந்தப் பெண்களிடம் வெளிப்படையாகத் தன் தவறை ஒப்புக்கொண்டது. நம் கோயில் சபைகளும் சங்கங்களும் முறைப்பாடொன்று வரும்போது ‘முதலில் நீங்களே பேசித் தீருங்கோ’ என்று சொல்வதற்கு முன், யாரை யாரிடம் அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும்.