சைடு டிரம் அடிச்ச காலம்

ஆகஸ்ட் 15 வந்தாலே எனக்கு நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியம்தான் நெனப்பு. ஸ்கூல் பேண்ட்ல நான் சைடு டிரம். வாரக்கணக்குல கிரவுண்டுல பிராக்டிஸ் நடக்கும், பெல்ட்டு தோள அறுக்கும், டிரம் தொடையில இடிச்சு இடிச்சு கன்னிப்போயி கெடக்கும், ஆனா பேஸ் டிரம் அண்ணன் முதல் அடி போட்டதும் பின்னால வாற அத்தன பேருக்க இடது காலும் ஒண்ணா தரையில விழும் பாருங்க, அது நெஞ்சுக்குள்ள வந்து இடிக்கும்!

டிரம்முக்க அடியில கம்பிச்சுருள் உண்டு. அத டைட் பண்ணாதான் சர்ர்ர்னு அந்த சத்தம் வரும், லூசா விட்டா வெறும் சட்டிச் சத்தம்தான். சார் ஒவ்வொரு டிரம்மா குனிஞ்சு கேப்பாவ, திருப்தி ஆனாதான் விடுவாவ. அப்படி ஒரு வாத்தியார் கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, நம்ம மாவட்டத்துக்கே லீவு. தேர் பாக்கப் போனாலும் பேண்ட் செட் பக்கத்துலதான் நிப்போம், கை சும்மா இருக்காது, தொடையில தாளம் போட்டுட்டே கெடக்கும். இப்பமும் அப்படித்தான்.

கூட அடிச்ச மக்கா யாராவது அந்த வெள்ள யூனிஃபார்ம் ஃபோட்டோ வச்சிருந்தா கமெண்ட்ல போடுங்கலேய், எங்கிட்ட ஒண்ணு கூட இல்ல.