தேங்காய் எண்ணெயில் உறைந்த தையல் மெஷின்

"இது காயலான் கடைக்குத்தான் ஆகும் அம்மா" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்குக் கூலியாக 250 ரூபாயும் வாங்கிக்கொண்டு போனார் மெக்கானிக். அந்த மெஷினில்தான் நேற்று நான்கு போர்வைகளுக்கு ஓரம் அடித்து முடித்தேன். பணம் போனதைவிட, அவர் சொன்னதை ஒரு வாரம் நம்பியிருந்தேனே, அதுதான் உறுத்துகிறது.

மெஷின் அம்மாவுடையது, அதற்கு முன் அம்மிச்சியுடையது, அதாவது அம்மாவின் அம்மாவுடையது. சிங்கர் 15 வரிசை, கால் மெஷின். மெஷினில் பொறித்திருக்கும் தயாரிப்பு எண் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்து. அதாவது ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் வார்த்தது. அந்தத் தொழிற்சாலையை 1980-லேயே மூடிவிட்டார்கள். அதற்காக உதிரி பாகங்களுக்குக் கவலைப்பட வேண்டாம். நம்மூர் வீடுகளில் இருக்கும் கறுப்பு மெஷின்களில் பெரும்பாலானவை இதே 15 வரிசையைப் பார்த்துச் செய்தவைதான். பாபின் (அடி நூல் சுற்றும் சின்ன உருளை), அதை வைக்கும் பாபின் கேஸ், ஊசி எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

பொள்ளாச்சியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷின், குன்னூருக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை அசையவில்லை. கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரு நூல்கூட நகரவில்லை. வண்டியில் வந்தபோது எங்கோ அடிபட்டுவிட்டது என்று அம்மாவுக்குப் போன் செய்தால், "அடியெல்லாம் படாது கண்ணு, நிறைய எண்ணெய் விட்டுத்தான் அனுப்பினேன்" என்றார்.

என்ன எண்ணெய் என்று கேட்க எனக்கு அரை நாள் ஆயிற்று. தென்னந்தோப்புக்கு நடுவில் இருப்பவர்கள் வேறு எதை விடுவார்கள்? தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பொள்ளாச்சி வெயிலில் அது எண்ணெயாகவே இருந்துவிட்டது. இங்கே ஜனவரியில் தலைக்கு வைக்கும் எண்ணெய் பாட்டிலையே அடுப்பருகே வைத்து உருக்கித்தான் எடுக்கிறோம். மெஷினுக்குள் போனது மட்டும் உருகியா இருக்கும்?

பத்து நிமிடம் ஹேர் டிரையரால் சூடு காட்டியதும் சக்கரம் முனகிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. ஆனால் மேலே இருந்த புது எண்ணெய்க்கு அடியில் பல வருடத்து எண்ணெய் பஞ்சோடு சேர்ந்து கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கால் லிட்டர் மண்ணெண்ணெயை ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி, வழியும் கறுப்பைத் துணியால் ஒற்றி எடுத்தேன். இரண்டு நாள் இதே வேலை. செய்பவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. மண்ணெண்ணெய் விட்டதோடு நிறுத்தவும் கூடாது. அது பழைய எண்ணெயை முழுக்கக் கழுவிவிடும், இரும்பு வறண்டு துரு ஏறும். துடைத்த கையோடு தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு முட்டாள்தனம்: மேல்பக்கத்து அழுக்கு போகவில்லை என்று நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன். அழுக்கு போயிற்று. கட்டைவிரல் அகலத்துக்குத் தங்க நிறப் பூவேலையும் அதோடு போயிற்று. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

துணியை நகர்த்தும் பற்களுக்கு அடியில் கம்பளம் போல அடைத்திருந்த பஞ்சை எடுத்தது, பாபின் சுற்றும் இடத்து ரப்பர் வளையத்தை மாற்றியது எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டன. தைக்க உட்கார்ந்த பிறகுதான் நிஜமான தொல்லை ஆரம்பித்தது.

முதலில், துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு கட்டியது. அடியில்தானே கோளாறு என்று பாபின் கேஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அதன் சின்னத் திருகாணியைத் திருகி, பிறகு எங்கே இருந்தது என்று மறந்தும் போனேன். அடியில் நூல் கொத்தாக விழுந்தால் பெரும்பாலும் குற்றம் மேல் நூலுடையது. மேல் நூலைப் பிடித்து நிறுத்த வேண்டிய டென்ஷன் தட்டுகள் பிடிக்கவில்லை, நூல் தாராளமாகக் கீழே இறங்கி அங்கே சிக்குகிறது. துணியை அழுத்தும் காலைத் தூக்கினால் அந்த இரண்டு தட்டுகளும் விலகும். காலைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் நூல் கோர்க்க வேண்டும் என்பதும் அதனால்தான். விலகிய இடைவெளியில் மெல்லிய துணிக்கீற்றை விட்டுப் பல் இடுக்கைச் சுத்தம் செய்வதுபோல் இழுத்தேன். என்றைக்கோ அறுந்த சிவப்பு நூல் ஒன்று, பஞ்சு சுற்றி அரிசி மணி அளவுக்குத் திரண்டு, வெளியே வந்தது. குருவிக்கூடு அத்தோடு நின்றது. அன்று இரவு உணவுக்கு நானே எனக்குப் பாயசம் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தையல் தாவ ஆரம்பித்தது. மூன்று தையல் விழும், இரண்டு விழாது, பிறகு நூல் அறும். இங்கேதான் மெக்கானிக் வருகிறார். உட்கார்ந்தார், நான்கு முறை மிதித்தார், "டைமிங் போய்விட்டது" என்றார், அதாவது ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் ஒத்துப்போகவில்லையாம். கைச்சக்கரத்தின் நடுவே இருக்கும் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தார், திரும்ப மாட்டினார். பிறகுதான் காயலான் கடைப் பேச்சு. வேண்டுமானால் அவரே 1,500 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வாராம். எடைக்குப் போடும் சாமானுக்கு ஏன் 1,500 என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் போன பிறகு மிதித்தால் சக்கரம் சுற்றுகிறது, ஊசி இறங்கவே இல்லை. நடுத்திருகை எவ்வளவு இறுக்கினாலும் அதே கதை. வந்தபோது தாவித் தாவியாவது தைத்த மெஷின், அவர் கைபட்டதும் முழுதாக நின்றுவிட்டது. அழாத குறைதான்.

திருகைக் கழற்றிப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு வாஷர் இருக்கிறது. வெளிப்பக்கம் மூன்று காதுகள், உள்பக்கம் இரண்டு சின்ன நாக்குகள். நாக்குகள், சக்கரம் மாட்டியிருக்கும் தண்டின் பள்ளத்தில் உட்கார வேண்டும், அவற்றின் வளைவு நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பார்வைக்குச் சரியாகவே உட்காரும். ஆனால் பெரிய திருகின் ஓரத்தில் இருக்கும் குட்டித் திருகாணி, இறுக்கி முடிக்கும்போது ஏதாவது ஒரு காதில் முட்டினால் இறுக்கம் பாதியில் நின்றுவிடும். சக்கரம் தண்டைப் பிடிக்காது. வாஷரை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி வைத்தேன், பிடித்துக்கொண்டது. இதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் அவர் கழற்றும் முன்பும் எடுங்கள்.

தாவும் தையல் அப்படியே இருந்தது. ஊசி தேய்ந்திருக்கும் என்று, வேறு வேலையையும் சேர்த்து வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில், "தையல் மெஷினுக்கு ஊசி, 16-ஆம் நம்பர்" என்று கேட்டு வாங்கி வந்தேன். மலை ஏறி வீட்டுக்கு வந்து பிரித்தால் அத்தனையும் உருண்டைக் காம்பு ஊசி. அது தையல்கூடங்களில் ஓடும் பெரிய மெஷினுக்கானது. வீட்டு மெஷினுக்குக் காம்பின் ஒரு பக்கம் சீவினாற்போல் தட்டையாக இருக்க வேண்டும். நம்பரைச் சொன்னால் மட்டும் போதாது, அது ஊசியின் தடிமன்தான். பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சரியான ஊசி கடைசியில் குன்னூரிலேயே, பொத்தானும் லேஸும் விற்கும் பெட்டிக்கடை ஒன்றில் இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

புது ஊசி போட்டும் தாவியது. அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. "ஊசியில் நூலை எந்தப் பக்கத்திலிருந்து கோர்ப்பீர்கள்?" என்றேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும், கை பாட்டுக்குக் கோர்க்கும்" என்றார். சரி, மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கோர்த்துக் காட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். காற்றில் அவர் கை வலப்பக்கம் சுற்றிப் போய், வலமிருந்து இடமாகக் கோர்த்தது.

நான் மூன்று வாரமாக இடமிருந்து வலமாகக் கோர்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கும் என் நூலை அப்படியே விட்டுத்தான் மிதித்துப் பார்த்தார். இந்த மெஷினில் டென்ஷன் இடது முகப்பில் இருக்கிறது, நூல் இடப்பக்கமாகத்தான் இறங்கி வருகிறது. யாருக்குமே இடப்பக்கமிருந்து கோர்க்கத்தான் தோன்றும். ஆனால் ஊசியை எடுத்து நகத்தால் நெருடிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளத்தில் படுத்துக்கொண்டு இறங்கி, அந்தப் பக்கமிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் உருவாகும் நூல் வளையத்தைத்தான், அடியில் பாபினைச் சுற்றி ஆடும் ஷட்டிலின் கொக்கி வந்து பிடிக்கும். 15 வரிசையில் தட்டைப் பக்கம் இடது, பள்ளம் வலது. மாற்றிக் கோர்த்தால் வளையம் சரியாக விழாது, கொக்கி வெறுங்கையோடு திரும்பும்.

வலமிருந்து கோர்த்து, சக்கரத்தை என் பக்கமாகச் சுழற்றிவிட்டு மிதித்தேன். பின்பக்கமாகச் சுழன்றால் நூல் அறும், கால் மெஷினுக்குப் புதிதானவர்கள் இதை முதலில் பழகுங்கள். பழைய வேட்டி ஒன்றில் இந்த முனை முதல் அந்த முனை வரை நேர்கோடு. ஒரு தையல்கூடத் தாவவில்லை.

மிச்சம் இருப்பது பெல்ட்தான். தோல் பெல்ட் நாளாக ஆக நீளும், தடித்த துணி வந்தால் வழுக்குகிறது. ஒரேயடியாக வெட்டக் கூடாது. பெல்ட்டின் இரு முனையையும் இணைக்கும் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் மட்டும் நறுக்கி, புதிதாகத் துளை போட்டு, மாட்டி மிதித்துப் பார்த்துத்தான் அடுத்த அரை அங்குலம். அதிகம் இறுகினால் மிதி கனத்துவிடும், கால் வலிக்கும். முதல் அரை அங்குலத்தை இன்று காலை நறுக்கியிருக்கிறேன்.