விடியும்வரை வைத்திருக்கக் கூடாத கூலி

நேற்று ராத்திரி எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்து லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வாசித்தோம். பலி, தீட்டு என்று நினைத்து நாம் வழக்கமாகத் தாண்டிப் போகிற புத்தகம். 13-ஆம் வசனத்திலேயே நின்றுவிட்டோம்: கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது.

போதகர் ஐயா விளக்கம் சொல்லவில்லை. "உங்க வீட்டுல யாருக்குப் பாக்கி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்தான். அப்புறம் மளிகைக்கடை அண்ணாச்சி, மூட்டை இறக்குகிறவருக்கு இரண்டு வாரமாகக் கொடுக்கவில்லை என்றார். எனக்கு எங்கள் கொத்தனார் நினைவு வந்தது. "மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நான் சொன்னது போன மாதம்.

அதே அதிகாரத்தில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடுவதும் இருக்கிறது, சரியான தராசும் படியும் இருக்கிறது. எல்லாம் வயலிலும் சந்தையிலும் நடக்கிற காரியம். நம் சபைகளில் இதை இப்படி உட்கார்ந்து, பேர் சொல்லி, தொகை சொல்லிப் பேச வேண்டும். ஞாயிறு பிரசங்கம் மட்டும் போதாது.

காலையில் முதல் வேலையாகக் கொத்தனார் வீட்டுக்குப் போனேன். பணத்தை எண்ணாமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உட்காருங்க சார், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார்.