பராமின் மலைச்சரிவில் ஒரு தகரக் கூரைக் கடை

டிரினிடாட் தீவின் தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு வடக்கே மரவால் வரைக்கும் வேன் கிடைக்கும். அங்கிருந்து பராமின் மலைக்கிராமத்துக்கு ஏற ஜீப்தான். அடிவாரத்தில் நிற்கும் ஜீப்பில் ஆள் சேர்ந்ததும் கிளம்புகிறார்கள். சாலை அவ்வளவு செங்குத்து; வளைவுகளில் எதிரே வானம் மட்டும்தான் தெரியும்.

பராமின் என்றால் டிரினிடாடில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சமையலுக்கான வாசனைத் தழைகள். நிற்கவே பிடிமானம் தேவைப்படும் சரிவுகளில் தைம், வெங்காயத்தாள், பார்ஸ்லி, செலரி, புதினா எல்லாம் வரிசை வரிசையாக வளர்கின்றன. டிராக்டர் ஏற முடியாத நிலம் என்பதால் எல்லாம் மண்வெட்டியும் கையும்தான். சாலையோரத்தில் நான்கு கம்பம், ஒரு தகரக் கூரை, ஒரு நீளப் பலகை. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா அங்கே கடை வைத்திருக்கிறார். பின்னால் இறங்கும் சரிவு அவருடைய தோட்டம். காலையில் அங்கே பறித்ததுதான் பலகையில் இருக்கும்.

ஆகஸ்டில் நான் போனபோது பலகை நிறைந்து வழிந்தது. ஜூனில் தொடங்கும் மழைக்காலம் அங்கே டிசம்பர் வரை நீள்கிறது. கழுத்து நீண்ட பெரிய வெண்ணெய்ப்பழங்கள், சீமைப்பலா, இலங்கைத் தமிழர்கள் நன்கறிந்த அம்பரலங்காய், கொத்துக் கொத்தாகச் சென்னெட். சென்னெட்டின் பச்சைத் தோலைப் பல்லால் உடைத்து, கொட்டையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சதையைச் சப்ப வேண்டும். சதை கொஞ்சம், கொட்டை பெரிது. ஆனாலும் ஒரு கொத்து தீரும்வரை விட முடியவில்லை. மாம்பழம் அப்போது முடிகிற தறுவாய். கடைசி ஜூலி மாம்பழங்கள் ஓரமாக இருந்தன. சிறியது, தட்டையானது, நாரே இல்லாதது. டிரினிடாட்காரர்கள் இதை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு நானும் அப்படித்தான்.

ஆனால் அந்தக் கடையின் உயிர் பழங்களில் இல்லை, தழைக்கட்டில் இருக்கிறது. அந்த அம்மா வெங்காயத்தாளை வாளித் தண்ணீரில் அலசி, வேர் மண்ணைக் கட்டைவிரலால் வழித்துவிடுகிறார். அதன் மேல் தைம் இரண்டு கிளை, செலரி ஒரு கிளை. பிறகு ஷேடோ பெனி: நீண்ட இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல், கொத்தமல்லியின் மணம், ஆனால் பல மடங்கு வீரியம். எல்லாவற்றையும் சேர்த்து ரப்பர் வளையம் போட்டுத் தண்டுகளை ஒரே வெட்டில் சமப்படுத்துகிறார். இதைப் பூண்டோடும் பிமென்டோ மிளகாயோடும் அரைத்து மீனிலும் கோழியிலும் தடவி ஊறவைப்பது அங்கே தினசரிச் சமையலின் முதல் வேலை. பிமென்டோவில் மிளகாயின் வாசனை முழுதாக இருக்கும், காரம் இருக்காது.

கட்டுகளுக்குப் பக்கத்தில் தடித்த, மயிரடர்ந்த இலைகள் ஒரு குவியல். கிள்ளி முகர்ந்தால் நம் கற்பூரவள்ளி! சளிக்குக் கஷாயம் வைக்கும் அந்த இலையை அங்கே ஸ்பானிஷ் தைம் என்ற பெயரில் மீனுக்குப் போடுகிறார்கள். நான் சிரித்ததைப் பார்த்து அந்த அம்மா காரணம் கேட்டார். சொன்னதும், "இருமலுக்கு நாங்களும் குடிப்போம், மகனே" என்று இரண்டு கிளை கொசுறாகப் போட்டார்.

சிவப்பு சோரல் இருக்கிறதா என்று விசாரித்தேன். நம் புளிச்சக்கீரையின் இனம். அதன் சிவந்த புல்லிவட்டத்தை இஞ்சி, கிராம்பு, பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்துச் சர்க்கரை கலந்து குடிப்பார்கள். அவர் சரிவில் முழங்கால் உயரம் நின்ற செடிகளைக் காட்டினார். "இப்போது இலைதான். இரவு நீள வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வா."

டிசம்பரில் போனேன். அதே பலகை, வேறு கடை. வெண்ணெய்ப்பழம் இல்லை, மாம்பழம் இல்லை. ஆரஞ்சும், போர்ச்சுகல் என்று அவர்கள் அழைக்கும் கமலாவும் வந்திருந்தன. சோரல் குவியல் பலகையையே சிவப்பாக்கியிருந்தது. ஒரு சிறுமி கூர்க்கத்தியால் அடியைச் சுற்றி அறுத்து, நடுவிலிருக்கும் விதைக்காயைத் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். தழைக்கட்டுகள் வைத்த வேகத்தில் போயின. கிறிஸ்துமஸ் பன்றித்தொடைக்கும், வாழையிலையில் மடித்து வேகவைக்கும் பஸ்டெல்லுக்கும் அதுதானே அடிப்படை. மேலே ஏதோ ஒரு வீட்டில் பராங் பாட்டு. வெனிசுவேலாவிலிருந்து வந்தவர்கள் விட்டுச்சென்ற ஸ்பானிஷ் கிறிஸ்துமஸ் பாடல்கள் இன்னும் அங்கே வீடு வீடாகப் போய்ப் பாடப்படுகின்றன.

பலகையின் கோடியில் பச்சைத் துவரங்காய். அதைப் பார்த்ததும் மனம் பொங்கலுக்குப் போய்விட்டது. அது வெறும் ஏக்கமல்ல. போர்ட் ஆஃப் ஸ்பெயினும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், பத்தரை டிகிரி வடக்கைச் சுற்றி இருக்கின்றன. பகல் சுருங்கும் கணக்கு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். சோரலும் நாட்டுத் துவரையும் பகல் குறைந்தால்தான் பூக்கிற செடிகள். அதனால்தான் நம்மூரில் மார்கழியிலும் தையிலும் வருகிற பச்சைத் துவரை அங்கேயும் அதே மாதங்களில் வருகிறது. இந்தியாவில் பிறந்து, ஆப்பிரிக்கா போய், அடிமை வணிகக் காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிய பயிர் அது. ஆகஸ்டில் பார்த்த சீமைப்பலாவும் அப்படித்தான். பசிபிக் தீவுகளிலிருந்து 1793-இல் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பிளை அதைக் கப்பலில் கொண்டுவந்து செயின்ட் வின்சென்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினார். கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவான சோறாக வந்த மரம், இன்று கரீபியன் முழுவதும் விரும்பி உண்ணும் உணவு.

ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம். தண்ணீர் சுண்டும், மலைத்தொடரில் காட்டுத்தீ பிடிக்கும். மஞ்சள் பூயி மரம் மூன்று முறை பூத்தால் மழை வரும் என்பது ஊர் நம்பிக்கை. மழை வந்தாலும் கவலைதான், சரிவு மண்ணை அடித்துக்கொண்டு போகும். எண்ணெயும் எரிவாயுவும் பணம் கொடுக்கும் இந்த நாடு உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கிறது. நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் பளபளக்கும் ஆப்பிள் எந்த மாதமும் கிடைக்கும். அங்கே மாதமே தெரியாது. எனக்கு அந்தப் பலகைதான் பெரிது. கிடைக்காததைக் 'கிடைக்காது' என்று சொல்லி, வரும் மாதத்தையும் சொல்லி அனுப்புகிற கடை அது.

போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் நல்ல தழை மிஞ்சாது. டிசம்பர் என்றால் துவரையைக் கேட்டு வாங்குங்கள்; சர்க்கரையை எண்ணெயில் கருக்கி, கோழியைப் புரட்டி, தேங்காய்ப்பாலில் அரிசியோடு துவரையை வேகவைக்கும் பெலாவ் எப்படிச் செய்வது என்று அந்த அம்மாவே சொல்லித்தருவார்.