கூலண்ட் வால்வை மூடிய பிறகு

கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம். லேத்தில் (கடைசல் மெஷினில்) காஸ்ட் அயன், அதாவது வார்ப்பிரும்பு ஜாப் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தண்ணீரான கூலண்ட் வரவில்லையே என்று பதறி வால்வைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இரும்புத் தூளும் எண்ணெய்த் தண்ணீரும் குழைந்து கறுப்புச் சேறாக மெஷின் முழுக்க அப்பிக்கொண்டது. போர்மேன் அண்ணன் வால்வை மூடினார். "இதுக்குத் தண்ணி வேண்டாம் கண்ணு. உள்ளயே கிராஃபைட் இருக்கு, அதுவே வழுக்கிக் குடுக்கும்" என்றார்.

கூலண்ட் இல்லாமல் ஓட்டுவது காஸ்ட் அயனுக்கு மட்டும்தான் என்று பல வருடம் நினைத்திருந்தேன். ஸ்டீலில் ஃபேஸ் மில்லிங் (சுழலும் கட்டரால் மேற்பரப்பைச் சீவுவது) செய்யும்போது கட்டரில் பொருத்திய வெட்டுமுனையான கார்பைடு இன்சர்ட்டின் விளிம்பில் சீப்புப் பல் போல வரிசையாக வெடிப்பு விழும். இன்சர்ட் மட்டம் என்று திட்டுவோம். ஒருநாள் கூலண்ட் மோட்டார் நின்றுபோனது. அவசர ஆர்டர் என்பதால் காற்றை மட்டும் அடித்து ஓட்டினோம். அன்று இன்சர்ட் வழக்கத்தைவிட அதிக நேரம் தாங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் வெட்டும்போது சூடேறி, வெளியே வந்ததும் கூலண்டில் நனைந்து, அந்தச் சூடு-குளிர் அடியில்தான் அது வெடித்திருக்கிறது. வெட்டும் சூட்டில் பெரும்பங்கைச் சீவி விழும் உலோகச் சுருளே எடுத்துப் போய்விடும். சுருள் நீலம் பாய்ந்து விழுந்தால் இப்போது எனக்கு நிம்மதி.

அலுமினியத்தில் இந்த வித்தை பலிக்காது. உலோகம் டூல் முனையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

கூலண்ட் இல்லாத ஓட்டத்தில் என்னைக் கலங்கடித்தது போரிங்தான், அதாவது துளையை அளவுக்குக் குடைவது. 80 மில்லிமீட்டர் போர் (துளை), ஹெச்7 என்ற துல்லிய வரம்பு, அதாவது அளவு 80-க்குக் குறையக் கூடாது, 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் முப்பது பங்கு) வரை கூடலாம். மெஷினிலேயே அளந்தபோது அந்த வரம்பின் நடுவில் கச்சிதமாக நின்றது. மறுநாள் காலை அத்தனையும் சிறுத்துக் கிடந்தது. காஸ்ட் அயன் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் அந்த அளவுக்கு 26 மைக்ரான் விரியும். கணக்கு எனக்குத் தெரியும். கையில் சூடு தட்டியும் நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பிடித்து ஓட்டினோம். இப்போது ஆறவைத்துத்தான் அளக்கும் கேஜை எடுப்போம்.

கூலண்டைக் குறைத்ததில் திங்கட்கிழமைக் காலையில் தொட்டியிலிருந்து வரும் அழுகல் நாற்றம் குறைந்தது. எங்கள் பையன்களின் விரலிடுக்கு அரிப்பும் குறைந்தது. ஆனால் தூள் கூடியது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. தூளை உறிஞ்சும் மெஷின் வாங்காமல் இனி உலர் ஓட்டம் வேண்டாம் என்று முதலாளியிடம் போய் நின்றேன். அது வர மூன்று மாதம் ஆனது. அதுவரை காஸ்ட் அயன் மெஷினில் நின்றவர்கள் எல்லாரும் மாஸ்க்கோடுதான் நின்றோம்.