டெலே தேர்வின் கேட்டல் பகுதியும் ஸ்பானிய வட்டார உச்சரிப்புகளும்

ஸ்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் டெலே தேர்வின் பி2 நிலைக்கு ஆயத்தமான மாதங்களில் நான் மாட்ரிட் உச்சரிப்பில் பதிவான பாடங்களையே கேட்டுவந்தேன். மாதிரித் தேர்வு ஒன்றில் புவெனஸ் அயர்ஸ் பெண்மணி ஒருவர் மழையைக் குறிக்க, நான் ‘யூவியா’ என்று பழகியிருந்த சொல்லை ‘ஷூவியா’ என்றார். அது பிடிபடுவதற்குள் அடுத்த இரண்டு வினாக்கள் கடந்துவிட்டன. கேட்டல் பகுதியில் பல நாட்டவரின் குரல்கள் வரும் என்பதால், இந்தப் பயிற்சியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

முதலில் ‘ஸ்’ ஒலியைக் கவனியுங்கள். வீட்டைக் குறிக்கும் ‘காசா’வையும் வேட்டையைக் குறிக்கும் சொல்லையும் மாட்ரிட்டில் வேறுபடுத்தி ஒலிப்பார்கள், பின்னதில் நாக்கு நுனி பற்களுக்கு இடையே வரும். லத்தீன் அமெரிக்காவில் இரண்டும் ஒன்றே. அமெரிக்கக் கண்டத்துடனான வணிகத்தை 1503 முதல் செவில் நகரம் நிர்வகித்ததால், இரண்டையும் ஒன்றாக ஒலிக்கும் தென் ஸ்பெயினின் பேச்சுவழக்கும் கப்பலேறியது. இந்த வேறுபாட்டால் பெரிய இடர் இல்லை. எந்தச் சொல் என்பதை வாக்கியமே காட்டிவிடும்.

உண்மையான கடினம் அசையின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலியில்தான் இருக்கிறது. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, சிலி, தென் ஸ்பெயினின் அண்டலூசியா ஆகிய இடங்களில் அது ‘ஹ்’ எனத் தேயும் அல்லது மறைந்தே போகும். ‘லோஸ் அமிகோஸ்’ என்பது ‘லோஹ் அமிகோ’ என்று கேட்கும். பன்மையையும் ‘நீ பேசுகிறாய்’, ‘அவன் பேசுகிறான்’ என்ற வேறுபாட்டையும் அந்த ஒலியே தாங்குவதால், அது தேயும்போது பெயரடை, பிரதிப்பெயர், அருகிலுள்ள பிற சொற்கள் ஆகியவற்றிலிருந்துதான் பொருளை மீட்க வேண்டும். போகோட்டா, மெக்ஸிகோ நகரப் பேச்சில் ‘ஸ்’ திடமாக நிற்பதால், அவற்றில் தொடங்கிக் கரீபியப் பேச்சுக்கு நகர்வதே நல்ல வரிசை என்று கருதுகிறேன்.

நான் நாள்தோறும் ஒரு நாட்டு வானொலியிலிருந்து இரண்டு நிமிடங்களை எடுத்து, சொல் சொல்லாகக் கையால் எழுதினேன். அண்டலூசியாவுக்குக் கனால் சூர் நிலையம் பெரிதும் உதவியது.

பேச்சுத் தேர்வில் இத்தனை உச்சரிப்புகளும் தேவையில்லை. கற்றோர் பரவலாகப் பின்பற்றும் எந்த வழக்கும் ஏற்கப்படும். அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் கையாள வேண்டும். உயிர்களுக்கு இடையில் வரும் ஸ்பானிய ‘த’ நம் ‘அது’வில் வரும் தகரத்தைப்போல மென்மையானது என்பதால் நமக்கு எளிதில் வரும்; அங்கே மிச்சமாகும் நேரத்தைக் காதுப் பயிற்சிக்குக் கொடுங்கள்.